தூக்கமில்லாத இரவுகளில் படித்த காதல் நாவல்களும் கோஸி மர்மங்களும்

அம்மாவுக்கு மறதி நோய் என்று உறுதியானதும் இரவுப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பகலில் ஆள் மாற்றிக்கொள்ள முடிந்தது, இரவில் முடியவில்லை. நள்ளிரவு தாண்டி எழுந்து, "நேரமாச்சு, வீட்டுக்குப் போகணும்" என்று செருப்பைத் தேடுவாள். அவள் இருப்பது அவள் வீட்டில்தான். சமாதானம் சொல்லிப் படுக்க வைத்தால் அரை மணி நேரத்தில் மறுபடி எழுவாள். இடைப்பட்ட நேரத்தில் தூங்கவும் முடியாது, சும்மா உட்கார்ந்தால் மனசு எங்கெங்கோ போகும். அதனால் புத்தகம் என்று முடிவு செய்தேன். பாதியில் வைத்துவிட்டு ஓட வேண்டியிருக்கும், திரும்பி வந்தால் விட்ட இடம் சட்டென்று பிடிபட வேண்டும், கண்ணை மூடினால் கெட்ட கனவு வரக்கூடாது. இதற்கெல்லாம் தோதாக எனக்குத் தோன்றியவை ஆங்கிலத்தில் வரும் காதல் நாவல்களும், ரத்தம் தெறிக்காத கோஸி மர்ம நாவல்களும். எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று பிடிபடுவதற்குள் போன பணத்துக்கு நல்ல மின்படிப்பான் ஒன்று வாங்கியிருக்கலாம். போன தூக்கத்துக்குக் கணக்கே கிடையாது. அக்காவிடம் ஃபோனில் புலம்பியபோது, "காதல் கதைதானேடி, எதை எடுத்தா என்ன?" என்றாள். அப்படி இல்லை அக்கா என்று அன்றைக்கு விளக்கிச் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரியும்.

இந்த இரண்டு வகையும் வாசகருக்குக் கொடுக்கும் வாக்கை நம்பித்தான் ஓடுகின்றன. காதல் நாவலுக்கு அமெரிக்காவின் ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் வகுத்த இலக்கணம் இரண்டே வரி: கதையின் நடுநாயகமாகக் காதல் இருக்க வேண்டும், முடிவு மனசுக்கு நிறைவாகவும் நம்பிக்கையாகவும் இருக்க வேண்டும். அந்த முடிவைத்தான் வாசகர்கள் எச்.இ.ஏ. ('ஹேப்பிலி எவர் ஆஃப்டர்', அதாவது கடைசிவரை இன்பமாக வாழ்ந்தார்கள்) என்று சுருக்கிச் சொல்கிறார்கள். கடைசியில் ஒருவர் செத்துப்போனால் அது நல்ல காதல் கதையாக இருக்கலாம், ஆனால் இந்த அலமாரியில் அதற்கு இடமில்லை. கோஸிக்கும் இப்படி ஒரு வரம்பு உண்டு. 1989 முதல் நடக்கும் மாலிஸ் டொமெஸ்டிக் என்ற வாசகர் மாநாடு கொடுக்கும் அகதா விருதுகள், அப்பட்டமான பாலுறவோ மிதமிஞ்சிய ரத்தமோ வலிந்து திணித்த வன்முறையோ இல்லாத மர்மக் கதைகளுக்கானவை. கொலை நடக்கும், ஆனால் கத்தி எவ்வளவு ஆழம் இறங்கியது என்று வர்ணிக்க மாட்டார்கள். துப்பறிகிறவர் போலீஸ்காரராக இருக்க மாட்டார், பெரும்பாலும் பேக்கரியோ புத்தகக் கடையோ நடத்துகிறவராக இருப்பார். ஊர் சிறியதாக இருக்கும், பூனை ஒன்று இருக்கும், கடைசியில் கொலைகாரர் பிடிபடுவார். உலகத்தில் எதற்கும் உத்தரவாதம் இல்லை என்று தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்கு, முடிவு முன்கூட்டியே தெரிந்த கதை எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அனுபவித்தவர்கள்தான் அறிவார்கள். இலக்கியம் படிக்கிறவர்கள் இதைக் குறைவாகப் பேசும்போது எனக்கு இப்போதெல்லாம் கோபம் வருகிறது.

சிக்கல் அட்டையில் தொடங்கியது. முன்பெல்லாம் காதல் நாவலின் அட்டையில் புகைப்படம் இருக்கும், அதைப் பார்த்தே உள்ளே என்ன சூடு என்று ஊகித்துவிடலாம். இப்போது எல்லாமே கார்ட்டூன் அட்டை. பளிச்சென்ற ஒற்றை நிறம், முகம் சரியாக வரையப்படாத இரண்டு பேர், கொட்டை எழுத்தில் தலைப்பு. பள்ளி மாணவி படிக்கக்கூடிய கதைக்கும், பக்கத்துக்குப் பக்கம் படுக்கையறை வரும் கதைக்கும், துக்கத்தைப் பற்றிய கனமான நாவலுக்கும் ஒரே சட்டை. நான் ஆரம்பத்தில் எடுத்த ஒன்றின் அட்டை இளஞ்சிவப்பு. ஒரு பெண் பயணப்பெட்டி மேல் உட்கார்ந்திருப்பாள், எதிர்ப்பக்கம் ஓர் ஆண் கையைக் கட்டிக்கொண்டு முறைப்பான். 'வயிறு குலுங்கச் சிரிக்கலாம்' என்று பின்னட்டையில் உறுதிமொழி வேறு. முதல் சில அத்தியாயங்கள் உண்மையிலேயே சிரிப்புத்தான். அப்புறம் ஒரு ஹோட்டல் குளியலறையில் கதாநாயகி தரையில் உட்கார்ந்து, போன வருஷம் கலைந்துபோன கருவுக்காக வாங்கி வைத்த சாக்ஸை இன்னும் பெட்டியின் அடியில் வைத்திருப்பதை நினைக்கிறாள். அந்த சாக்ஸின் விளிம்பில் நூல் பிரிந்திருப்பதுவரை எழுதியிருந்தார்கள். நல்ல எழுத்துதான், மறுக்கவில்லை. ஆனால் அதிகாலை மூன்று மணிக்கு, பக்கத்து அறையில் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது படிப்பதற்கு இல்லை. அன்றைக்கு அழுத அழுகை அந்தக் கதாநாயகிக்காக மட்டும் இல்லை.

அப்புறம் விசாரித்தால் இது அந்தப் புத்தகத்தின் விசேஷம் இல்லை, துறையின் போக்கே இப்படித்தான். எமிலி ஹென்றியின் 'பீச் ரீட்' 2020-இல் வந்தது. மஞ்சள் அட்டை, கடற்கரை, கோடை விடுமுறைக் கதை போலத்தான் தெரியும். கதாநாயகி ஜனவரி ஒரு காதல் கதை எழுத்தாளர். அப்பா இறந்த துக்கத்திலும், அவருக்கு வேறொரு பெண்ணோடு உறவு இருந்தது தெரிந்த அதிர்ச்சியிலும் இருக்கிறாள், ஒரு வரிகூட எழுத வரவில்லை. எனக்கு அந்த நாவல் பிடிக்கும். சண்டையும் கிண்டலுமாகப் பேசும் இரண்டு எழுத்தாளர்களின் உரையாடலுக்காகவே படிக்கலாம். ஆனால் அப்பாவையோ அம்மாவையோ புதிதாக இழந்தவர் கையில் இதைக் கடற்கரை விடுமுறைப் புத்தகம் என்று கொடுக்கக்கூடாது. கொலீன் ஹூவரின் 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' இன்னும் கடினமான உதாரணம். 2016-இல் வந்து, சில வருஷம் கழித்து டிக்டாக் வழியாகப் பெரும் விற்பனை கண்ட நாவல். அட்டையில் பூ, காதல் அலமாரியில் இடம், உள்ளே மனைவியை அடிக்கும் கணவன். 2023 ஜனவரியில் இதற்கு வண்ணம் தீட்டும் புத்தகம் ஒன்று வரப்போகிறது என்று அறிவித்தார்கள். குடும்ப வன்முறைக் கதைக்கு வண்ணம் தீட்டும் புத்தகமா என்று வாசகர்கள் கேட்டதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. விற்கிறவர்களுக்கே தங்கள் கையில் இருப்பது எந்த வகைக் கதை என்பதில் எவ்வளவு குழப்பம் என்று அந்த ஒரு சம்பவம் காட்டிவிடும்.

இதற்கு நான் கண்டுபிடித்த வழிகளைச் சொல்கிறேன். முதலில், மாதிரிப் பக்கங்களை இறக்கி, கதைக்கு முன்னால் இருக்கும் ஆசிரியர் குறிப்பைத் தேடுங்கள். இப்போது நிறைய காதல் எழுத்தாளர்கள் 'இந்தக் கதையில் இன்னின்ன விஷயங்கள் வருகின்றன' என்று முன்பக்கத்திலேயே எழுதிவிடுகிறார்கள், சிலர் விவரமான பட்டியலைத் தங்கள் இணையதளத்தில் வைத்திருக்கிறார்கள். மின்புத்தகம் நேரே முதல் அத்தியாயத்தில் திறந்துகொள்வதால் இந்தப் பக்கம் கண்ணிலேயே படாது. விரலால் பின்னோக்கித் தள்ளிப் போக வேண்டும். அடுத்தது ஸ்டோரிகிராஃப் செயலி. அதில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் வாசகர்களே எச்சரிக்கைகள் சேர்த்திருப்பார்கள், அந்த விஷயம் லேசாக வருகிறதா அப்பட்டமாக வருகிறதா என்றும் பிரித்திருப்பார்கள். விலங்குகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் தாங்க மாட்டேன் என்கிறவர்களுக்கு 'டஸ் த டாக் டை' என்ற தளம் இருக்கிறது. பெயர் நாயைப் பற்றியது என்றாலும் மற்ற பயங்களையும் அங்கே தேடலாம், திரைப்படங்களோடு புத்தகங்களும் இருக்கின்றன. இவை எதுவும் இல்லாத புத்தகம் என்றால் மூன்று நட்சத்திர விமர்சனங்களைப் படிப்பேன். ஐந்து கொடுத்தவர் காதலில் இருக்கிறார், ஒன்று கொடுத்தவர் கோபத்தில் இருக்கிறார். மூன்று கொடுத்தவர்தான் "சிரிக்கலாம் என்று எடுத்தேன், பாதிக்கு மேல் ஆஸ்பத்திரியிலேயே போகிறது" என்று உபயோகமாக எழுதுவார். கதை கொஞ்சம் வெளிப்பட்டுவிடும், பரவாயில்லை. முடிவு தெரிந்த கதையைத் தேடித்தானே இந்தப் பக்கம் வந்தோம்.

கோஸி பக்கம் இன்னும் கொஞ்சம் பாதுகாப்பானது என்று நினைத்து அங்கே ஒதுங்கினேன். ரிச்சர்ட் ஓஸ்மனின் 'த தர்ஸ்டே மர்டர் கிளப்' 2020-இல் வந்து இந்த வகைக்கே புது ரத்தம் பாய்ச்சியது. முதியோர் குடியிருப்பில் இருக்கும் நான்கு பேர் பழைய கொலை வழக்குகளைக் கிளறுகிறார்கள், நிஜக் கொலை வந்து வாசலில் நிற்கிறது. ஜாய்ஸ் எழுதும் டைரிப் பகுதிகள் எனக்கு உயிர். எதையோ சொல்ல வந்து வேறெதையோ பேசி, கடைசி வரியில் சாவகாசமாகத் துப்பைப் போட்டுவிட்டுப் போவார். ஆனால் இன்னொரு பாத்திரமான எலிசபெத்தின் கணவர் ஸ்டீஃபனுக்கு மறதி நோய். அது முதல் புத்தகத்தில் இருந்தே இருக்கிறது, 2023-இல் வந்த நான்காவது புத்தகம் 'த லாஸ்ட் டெவில் டு டை'-யில் கதையின் இதயமாகவே ஆகிவிடுகிறது. எனக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்தடுத்துப் படித்துக்கொண்டே போனவள் நான்காவதில் மாட்டிக்கொண்டேன். நோயை அவ்வளவு கண்ணியமாக எழுதிய வேறொரு ஜனரஞ்சக நாவலை நான் பார்த்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஸ்டீஃபன் ஒரு வாக்கியத்தின் நடுவில் தெளிவாக இருந்து, அடுத்த வாக்கியத்தில் நழுவுவது அப்படியே அம்மாதான். புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சில வாரம் எதையும் தொடவில்லை. பிறகு ஒரு பகல் வேளையில், அம்மா தூங்கும்போது, முடித்தேன். பகலில் படித்தது நல்லதாகப் போயிற்று. மறதி நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் முதல் மூன்றைத் தைரியமாக எடுக்கலாம். நான்காவதை, மனசு தாங்கும் என்று தோன்றும் நாளுக்குத் தள்ளி வையுங்கள்.

இதற்கு நேர் எதிராக, கையில் எடுத்த நாளெல்லாம் என்னைச் சிரிக்க வைத்தது ஜெஸ்ஸி க்யூ. சுதாந்தோவின் வேரா வாங் நாவல், அதுவும் 2023-இல் வந்ததுதான். சான் ஃபிரான்சிஸ்கோவின் சைனாடவுனில் ஈ ஓட்டும் தேநீர்க்கடை நடத்தும் அறுபது வயது விதவை. ஒருநாள் காலையில் கடைக்குள் பிணம் கிடக்கிறது. பிணத்தின் கையில் இருக்கும் பென் டிரைவை எடுத்து ஒளித்து வைத்துவிட்டுத்தான் போலீஸை வர விடுகிறார், ஏனென்றால் அவர்களுக்கு வேலை தெரியாது என்பது அம்மையாரின் அபிப்பிராயம். சந்தேகப்படும் ஆட்களை எல்லாம் கூட்டி வைத்துச் சமைத்துப் போட்டு, குழந்தை வளர்ப்பதில் இருந்து வேலை தேடுவதுவரை அறிவுரை சொல்கிறார். துப்பு என்று பார்த்தால் சுமார்தான், கொலைகாரரைப் பாதியிலேயே ஊகித்துவிடலாம். கோஸியில் எனக்கு அது ஒரு குறையாகவே தெரிவதில்லை. வேரா வாய் திறந்தால் போதும்.

எனக்குக் குறையாகத் தெரிவது வேறு. ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலத் துப்பறியும் எழுத்தாளர் 1929-இல் துப்பறியும் கதைக்கென்று பத்துக் கட்டளைகள் எழுதினார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே தலைகாட்டிவிட வேண்டும், துப்பறிகிறவருக்குத் தற்செயலோ காரணமில்லாத உள்ளுணர்வோ கைகொடுக்கக்கூடாது, அவர் கண்டுபிடிக்கும் துப்பை உடனே வாசகருக்கும் காட்டிவிட வேண்டும் என்பவை அவற்றில் சில. பாதி விளையாட்டாக எழுதியவைதான், ஆனால் இன்றைக்கு வரும் சராசரி கோஸியை உரசிப் பார்க்க இந்த மூன்றே போதும். நான் பணம் கொடுத்து வாங்கிய ஒன்றில் கப்கேக் கடைக்காரி எந்தத் துப்பும் இல்லாமல் ஏறக்குறைய முக்கால் புத்தகம் சுற்றுகிறாள். இன்ஸ்பெக்டர் கடைக்கு வந்து காபியை உறிஞ்சிக்கொண்டே பிரேதப் பரிசோதனை முடிவை வரி வரியாக ஒப்பிக்கிறார். கடைசியில் கடையின் பின்கதவைப் பூட்ட மறந்த இரவில் கொலைகாரன் தானே உள்ளே வந்து, துப்பாக்கியை நீட்டிக்கொண்டு, ஏன் கொன்றேன், எப்படிக் கொன்றேன், விஷப் புட்டியை எங்கே போட்டேன் என்று பக்கம் பக்கமாக வாக்குமூலம் கொடுக்கிறான். அவள் செய்ததெல்லாம் மாவு டப்பாவை அவன் முகத்தில் வீசியது ஒன்றுதான். அப்புறம் அந்த ஊர் அவளைத் துப்பறியும் மேதை என்று கொண்டாடுகிறது. இதைக் கண்டுபிடிக்கவும் ஒரு வழி உண்டு. மாதிரிப் பக்கங்களில், பிணம் கிடக்கும் இடத்தில் ஒரு பொருளாவது, ஒரு பேச்சாவது, பொருந்தாமல் உறுத்துகிறதா என்று பாருங்கள். அப்படி எதுவும் இல்லாமல் திரைச்சீலையின் நிறமும் கேக்கின் வாசனையும் மட்டும் இருந்தால் அந்த ஆசிரியர் துப்பைப் பற்றி யோசிக்கவே இல்லை என்று அர்த்தம்.

பணம் எப்படிப் போயிற்று என்று சொல்கிறேன். பெரிய ஓட்டை, தொடர் நாவல்கள். கோஸி பெரும்பாலும் தொடராகத்தான் வரும், ஆனால் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு கொலை முடிந்துவிடும் என்பதால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். காதலில்தான் ஆபத்து. ஒவ்வொரு புத்தகத்துக்கும் வேறு வேறு ஜோடி, ஒரே குடும்பம் அல்லது ஒரே ஊர் என்றால் பயமில்லை, ஒவ்வொன்றும் தனியாக நிறைவடையும். ஒரே ஜோடியின் கதையை இரண்டாகவோ மூன்றாகவோ அறுத்து விற்பவை இருக்கின்றன. முதல் புத்தகம் இலவசம் அல்லது அடிமாட்டு விலை, கடைசிப் பக்கத்தில் கதாநாயகன் கைதாகிறான், அடுத்தது முழு விலை. தூக்கக் கலக்கத்தில் 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்தும் ஆளுக்கென்றே செய்தது போல இருக்கும். ஒரு தொடரில் இப்படியே போய், கடைசிப் பாகம் இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை என்று அதற்கு முந்திய பாகத்தை முடித்த பிறகு தெரிந்தது. அதனால் விவரப் பகுதியில் 'ஸ்டாண்ட்அலோன்' (தனியாக நிறைவடையும் கதை) என்றோ 'கிளிஃப்ஹேங்கர் இல்லை' (அந்தரத்தில் தொங்க விடாது) என்றோ இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரே கதை இரண்டு புத்தகமாக வரும் 'டூயட்' என்று இருந்தால் இரண்டு விலையையும் கூட்டிப் பார்த்துவிட்டு இறங்குங்கள். ஒலிப்புத்தகச் செயலி ஒன்றில் மாதச் சந்தா கட்டிச் சேர்த்து வைத்த வரவுகள் (புத்தகம் வாங்கிக்கொள்ளத் தரும் கிரெடிட்), சந்தாவை நிறுத்தியதும் மொத்தமாகக் காணாமல் போயின. விதிமுறையில் எங்கோ ஒரு மூலையில் எழுதியிருந்தார்களாம். சந்தாவை நிறுத்துவதற்கு முன்னால் கையில் இருக்கும் வரவுகளைப் புத்தகமாக மாற்றிவிடுங்கள், அதை மட்டும் மறக்காதீர்கள்.

புத்தகம் ஏன் இப்படி நீள்கிறது என்று எரிச்சல் வந்தபோது அதன் பின்னணியையும் தேடிப் படித்தேன். அமேசானின் மின்புத்தகச் சந்தாத் திட்டமான கிண்டில் அன்லிமிடெட் 2014 ஜூலையில் தொடங்கியது. மறு வருஷம் ஜூலையில் இருந்து எழுத்தாளருக்குக் காசு, வாசகர் படித்த பக்கக் கணக்கில் போகிறது. அதற்கு முன்னால் எத்தனை பேர் இரவல் எடுத்தார்கள் என்பதே கணக்கு. அதனால் சிறு புத்தகங்களாக எழுதித் தள்ளினார்கள், இப்போது நீளமாக எழுதுவதில் லாபம். எல்லாரும் வேண்டுமென்றே இழுக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கதை முடிந்த பிறகும் கல்யாணம், குழந்தை, குழந்தையின் பிறந்தநாள் என்று பின்கதைகள் வரிசை கட்டும்போது எனக்கு இந்தக் கணக்கு ஞாபகம் வரும். அங்கே பதிவு செய்யும் மின்புத்தகத்தை 90 நாள் வேறு கடைகளில் மின்வடிவில் விற்கக்கூடாது என்பது நிபந்தனை, அந்த 90 நாள் தொடர்ந்து புதுப்பித்துக்கொள்ளக் கூடியது. நீங்கள் தேடும் காதல் நாவல் நூலகச் செயலியில் ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு இந்த மாதிரி நிபந்தனை பல சமயம் காரணமாக இருந்திருக்கிறது. தொடரின் நடுவில் ஆசிரியர் வெளியேறினால் மீதிப் புத்தகங்களும் சந்தாவில் இருந்து போய்விடும். அதனால் பிடித்த தொடர் சந்தாவில் இருந்தால் தள்ளிப் போடாமல் படித்துவிடுவது நல்லது. உண்மையிலேயே பணத்தை மிச்சப்படுத்தியது லிப்பி செயலிதான். அதில் சேர்ந்திருக்கும் நூலகத்தில் உறுப்பினராக இருந்தால் இலவசம். புதுப் புத்தகத்துக்குக் காத்திருப்பு வரிசை நீளமாக இருக்கும், ஆனால் காத்திருக்கும் நேரத்தில் பாதிப் புத்தகங்கள் மேல் இருந்த ஆசை தானாகவே தீர்ந்துபோகும்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். இயந்திரம் எழுதிய புத்தகங்கள் இந்த இரண்டு வகையிலும்தான் எளிதாகக் கலந்துவிடுகின்றன, ஏனென்றால் சூத்திரம் தெளிவாக இருக்கிறது. எனக்குக் கிடைத்த ஒரு கோஸியில் இன்ஸ்பெக்டரின் பெயர் அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறியது, ஒரு பூனை ஆணாக நுழைந்து பெண்ணாக வெளியே போனது, எல்லா அத்தியாயமும் 'இது வெறும் ஆரம்பம்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை' என்ற மாதிரியே முடிந்தது. அமேசானின் சுயபதிப்புத் தளம் 2023 செப்டம்பரில் ஒருவர் ஒரே நாளில் மூன்று புதுத் தலைப்புக்கு மேல் பதிவேற்றக்கூடாது என்று வரம்பு வைத்தது. ஒரு நாளைக்கு மூன்று நாவல் என்ற வரம்பே தேவைப்பட்டது என்றால் நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். செயற்கை நுண்ணறிவு கொண்டு எழுதியதை எழுத்தாளர் அந்தத் தளத்துக்குத் தெரிவிக்க வேண்டும், ஆனால் அந்த விவரம் புத்தகப் பக்கத்தில் வாசகர் கண்ணுக்கு வராது. ஆசிரியர் பெயரைத் தேடிப் பாருங்கள். சில மாதங்களில் அடுக்கடுக்காக நாவல்கள், ஒரு நேர்காணல்கூட இல்லை, எந்த வாசகரோடும் பேசிய தடமும் இல்லை என்றால் தாண்டிப் போய்விடுங்கள்.

காதல் நாவல்களில் எனக்கு இன்னும் தீராத சண்டை ஒன்று உண்டு. ஏறக்குறைய முக்கால் பங்கு தாண்டியதும் ஒரு பிரிவு வரும். தேர்ட் ஆக்ட் பிரேக்கப் என்பார்கள். அதுவரை ஒருவர் மூச்சை ஒருவர் புரிந்துகொண்டவர்கள், யாரோ சொன்ன அரைகுறைப் பேச்சைக் கேட்டு, "அப்படியா நடந்தது?" என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஊரை விட்டே போவார்கள். பிரிவு இருக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அகப்பாட்டிலும் பிரிவு உண்டு, பாலைக்கென்று ஒரு திணையே வைத்தவர்கள் நாம். ஆனால் அங்கே பிரிகிறவனுக்குக் காரணம் இருக்கும். பொருள் தேடப் போவான், படிக்கப் போவான், போருக்குப் போவான். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதால்தான் அவள் தவிப்பு நம்மைத் தொடுகிறது. ஒரு ஃபோன் பேசினால் தீர்ந்துபோகும் பிரிவு என் நேரத்தைத்தான் தின்கிறது. நல்ல காதல் எழுத்தாளர்கள் இப்போது இதைத் தவிர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். பிரச்சினை வெளியில் இருந்து வரும், இருவரும் சேர்ந்து நின்று சமாளிப்பார்கள். அப்படிப்பட்ட புத்தகங்களை வாசகர்களே பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள், 'பிரிவு இல்லாத காதல் நாவல்' என்று ஆங்கிலத்தில் தேடினால் கிடைக்கும். நான் இரவுக்கு அவற்றில் இருந்துதான் எடுத்தேன். படுக்கையறைக் காட்சி எவ்வளவு என்று முன்னாலேயே தெரிய வேண்டும் என்றால் 'குளோஸ்ட் டோர்' என்ற சொல்லோடு தேடுங்கள், கதவு சாத்தப்படும் இடத்தில் அத்தியாயம் முடிந்துவிடும். வீட்டு வேலை செய்துகொண்டே ஒலிப்புத்தகத்தைச் சத்தமாக வைத்துக் கேட்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தத் தகவல் எவ்வளவு முக்கியம் என்று விளக்க வேண்டியதில்லை.

பழைய புத்தகம் என்றால் பத்திரம் என்றும் நம்ப வேண்டாம். கதவு சாத்திய காதலுக்கு ஜார்ஜெட் ஹேயரைச் சொல்வார்கள். 1950-இல் வந்த 'த கிராண்ட் சோஃபி' ஓட்டத்துக்கும் நகைச்சுவைக்கும் பெயர் போனது, ஆனால் அதில் யூத வட்டிக்காரர் வரும் காட்சி இன வெறுப்பின் அப்பட்டமான வார்ப்பு. சோஃபியை ரசித்துக்கொண்டே வந்தவளுக்கு அங்கே வாய் கசந்துபோயிற்று. அகதா கிறிஸ்டியின் துப்பறியும் பாட்டி மிஸ் மார்ப்பிள் முதன்முதலில் வந்த நாவலான 1930-இன் 'த மர்டர் அட் த விகரேஜ்' எனக்கு அந்த விதத்தில் தொந்தரவு தரவில்லை, ஆனால் ஆட்கள் அதிகம், யார் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் போனார்கள் என்ற கணக்கும் அதிகம். அரைத் தூக்கத்தில் ஒத்து வராது, முழித்திருக்கும் மதியத்துக்கு ஏற்றது.

தூக்கம் போன கதைக்கு மருந்து ஒன்றுதான் கிடைத்தது, அதுவும் தற்செயலாக. இந்த இரண்டு வகையிலும் அத்தியாயத்தின் கடைசி வரி உங்களை அடுத்த பக்கத்துக்குத் தள்ளுவதற்கென்றே எழுதப்படுகிறது. கதவு தட்டப்படும், ஃபோன் அடிக்கும், அவன் "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்பான். அத்தியாயம் முடியட்டும், மூடிவிடலாம் என்று இருந்தால் விடியும்வரை மூட முடியாது. அத்தியாயத்தின் நடுவில், யாராவது காபி போட்டுக்கொண்டோ கடையைப் பெருக்கிக்கொண்டோ இருக்கும் இடத்தில், வாக்கியத்தைப் பாதியில் விட்டு மூடிவிடுங்கள். முதல் தடவை கை நடுங்கும், போகப் போகப் பழகிவிடும். ஒலிப்புத்தகம் கேட்கிறவர்கள் உறக்க நேரக் கடிகாரத்தை 'அத்தியாய முடிவு' என்று வைக்காமல் நிமிடக் கணக்கில் வையுங்கள், அதுவும் இதே காரணத்துக்காகத்தான். அக்கா இப்போது வாரக் கடைசியில் வந்து இரவில் அம்மாவோடு இருக்கிறாள். படிக்க என்ன இருக்கிறது என்று கேட்டாள். வேரா வாங்கைக் கொடுத்தேன், ஓஸ்மனில் முதல் மூன்றையும் கொடுத்தேன். "நாலாவது எங்கே?" என்றாள். பகலில் வா, தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.